செயின் அறுந்த பிறகு

ஜூலை. மழை பெய்து எழுபது நாளாகிறது.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே
வாட்டில் மரங்களை வெட்டி எடுத்த குன்றில்
மண் இப்போது மண்ணாக இல்லை.
முகப் பவுடராகி,
மிதித்தால் கணுக்கால்வரை ஏறிக்கொள்கிறது.

அரை நிமிடத்துக்கு ஒருத்தி.
எனக்கு முன்னால் அனெக்கே போனாள்.
அவள் போனதற்குச் சான்று
முதல் வளைவின் மேல் இன்னும் அடங்காமல் நிற்கும்
செம்புழுதித் தூண்.

நாற்பத்து மூன்றாம் எண், நிர்வாஷ்னி மூட்லி
என்று ஒலிபெருக்கி என் பெயரைக் கடித்துத் துப்பியது.
ஐந்து பீப். ஐந்தாவது நீளம்.

நான்கு மிதி மிதித்தேன். ஐந்தாவதில்
காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
இன்னொரு படி இருக்குமென்று
இருட்டில் காலை வைத்து ஏமாந்ததுபோல
உடம்பு ஒருமுறை குலுங்கியது.
செயின்.

போன வாரமே தெவாஷன் சொன்னான்:
"இந்த இணைப்பு இன்னொரு பந்தயம் தாங்காது."
புதுச் செயின் எழுநூறு ராண்ட்.
மகனின் பல்லுக்குக் கட்டியது தொள்ளாயிரம்.
அவ்வளவுதான் கணக்கு.

நின்றிருக்கலாம். நின்றால்
மஞ்சள் கொடிக்காரர் பரிதாபப்பட்டு
ஒரு பாட்டில் தண்ணீர் தருவார்.
மலை இறங்கிக்கொண்டிருந்தது. நானும் இறங்கினேன்.

இனி வேகம் என்பது கையிருப்பு.
பிரேக்கைத் தொடுவது
திரும்பி வராத கடன் கொடுப்பது.
விரல்கள் கருமிகளாயின.
மூன்று வருடமாக நான் பயந்து பிடிக்கும் வலது வளைவு,
அங்கே ஒரு அடிக்கட்டை,
அதில் யாரோ சிவப்புப் பெயிண்டில் வரைந்த சிரிப்பு.
தொடவில்லை.
பின்சக்கரம் வழுக்கி,
கொஞ்சம் யோசித்து,
என்னிடமே திரும்பி வந்தது.

செயின் இல்லாத சைக்கிளுக்குச் சத்தமில்லை.
இத்தனை நாள் கடகடவென்று
பேசிக்கொண்டே வந்தது அதுதானா?
இப்போது கேட்டவை வேறு:
சரளை டயரைத் தின்பது,
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு
போவதும் வருவதும்,
எங்கோ ஒரு ஹடேடா
வளைந்த அலகால் இதையெல்லாம்
கத்திக் கேலி செய்வது.

பாறைத் தோட்டம் என்று பெயர். பூ ஒன்றும் கிடையாது.
தலையளவு கற்கள், தலையை விடப் பெரியவை,
ஈரமில்லாமல் ஒன்றோடொன்று பேச்சை முறித்துக்கொண்டவை.
கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும்;
ஆகவே கல்லைப் பார்க்காதே,
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இல்லாததைப் பார்.
பார்த்தேன். புழுதி.
அனெக்கே விட்டுப்போனது, பல்லில் நறநறத்தது.
நேற்று நடந்து பார்த்த ஞாபகத்தில் விட்டேன்.
ஞாபகம் இரண்டு கல்லைத் தவறாகச் சொன்னது.
மணிக்கட்டு திருத்திக்கொண்டது,
இன்னும் வலிக்கிறது.

கயிற்றோரம் குரல்கள்: "ஷேஷா, சிஸி, ஷேஷா!"
ஒரு பையன் பானை மூடியைக் கரண்டியால் அடித்தான்.
மிதிக்காமலே போகிறாள் என்று யாரும் சொல்லவில்லை.
அந்த வேகத்தில் அது தெரியாது.

தெரியும் இடம் கடைசி நூற்றைம்பது மீட்டர்.
அங்கே மலை தீர்ந்துவிடுகிறது.
எல்லோரும் எழுந்து நின்று மிதிக்கும் சமதளத்தில்
ஊஞ்சலைத் தள்ள ஆள் வராத குழந்தைபோல
இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டினேன்.
சக்கரம் தன் கம்பிகளை
ஒவ்வொன்றாக எண்ணக் கொடுத்தது.
கோட்டுக்கு இருபது மீட்டர். நின்றது.
இறங்கவில்லை.
ஒரு காலால் தரையை உதைத்து, உதைத்து,
சாய்ந்து, மறுபடி உதைத்து.
பன்னி சாவ் தின்றுகொண்டிருந்த கூட்டம்
தின்பதை நிறுத்திச் சிரித்தது.
நானும் சிரித்தேன். வாய் திறந்ததும்
உள்ளே இருந்த குன்றில் கொஞ்சம் வெளியே விழுந்தது.

பதினேழு பேரில் பதினான்காவது.
முடிவுத்தாளைத் தெவாஷன் கொண்டுவந்தான்.
மேல்பாதிக்குத் தனிக் கட்டம் உண்டு.
என் பெயருக்கு நேரே அதில்: இரண்டு.
அனெக்கேயை விட அரை நொடி குறைவு.
அவன் அந்த எண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"எழுநூறுதான். நாளைக்கே மாட்டிவிடலாம்" என்றான்.
"யோசிக்கணும்" என்றேன்.
பணத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.